ஐந்து பேர் போதும்

செம்மநத்தம் கிராமத்துப் பிள்ளைகள் ஆறு பேரை வைத்துச் சுதாராணி கல்லூரிக்காக ஒரு படக்கதைப் புத்தகம் வரைந்தாள். கூட்டமாக இருக்கிறது, ஐந்து பேர் போதும் என்றார் ஆசிரியர். கடைக்குட்டி காவேரியை எல்லாப் பக்கங்களிலும் அழித்தாள்.

மறுநாள் காலை படங்களைக் காட்டப் போனபோது ஐந்து பிள்ளைகளே ஓடிவந்தார்கள்.

“காவேரி எங்கீங்கக்கா?” என்று காவேரியின் அம்மாவான கௌரியிடம் சுதாராணி கேட்டாள்.

“அது யாரு கண்ணு? எங்கூட்டுல பையன் ஒருத்தன்தானே.”

சுதாராணியின் பையில் பென்சில் இருந்தது. திரும்ப வரைய அரைமணி நேரம் போதும். ஆனால் ஐந்து பேரோடுதான் படம் அழகாக இருந்தது. பஸ்ஸுக்கு நடந்தவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“யாரு ஊட்டுத் துணியோ?” என்றபடி கௌரி, கொடியில் ஈரமாகத் தொங்கிய சின்னக் கவுனை அடுப்புத் துடைக்கக் கிழித்துக்கொண்டிருந்தாள்.