கன்றைக் காட்டிய படம்

வெள்ளகோவில் டூரிங் கொட்டகையில் அத்தனை கண்களும் திரையை நோக்கியிருக்க, செங்கோடன் மட்டும் தம் அருகே மணலில் அமர்ந்திருந்த அங்கப்பனின் முகத்தையே இமையாது நோக்கியிருந்தார். திரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நால்வர், காணாமற்போன கன்று ஒன்றைத் தேடிப் பசும்புல் மேடுகளில் ஓடிக்கொண்டிருந்தனர்.

தமிழ்ப் படப்பெட்டி வந்து சேராமையால் இரண்டு நாளாக ஓடுவது இந்த இங்கிலீஷ் படம். முதல் நாளே தனியாக வந்து பார்த்துவிட்ட செங்கோடன், மறுநாள் அண்டைத் தோட்டத்து அங்கப்பனையும் இரு வீட்டுப் பெண்களையும் வலிந்து அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. படத்தில் கன்றைத் திருடியவன் பக்கத்துத் தோட்டக்காரன்.

செங்கோடனின் செவலைக் கன்று காணாமற்போய்ப் பதினொரு நாளாயிற்று. தாயற்ற அதனை அவர் மனைவி ராசாத்தாள் கையால் பாலூட்டி வளர்த்திருந்தாள். அதை விற்பதற்காகக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிச்செல்லச் செங்கோடன் விடியலில் எழுந்து பார்த்தால், கட்டுத்தரை வெறுமையாய்க் கிடந்தது.

அந்தக் கன்றைத் தமக்குத் தரும்படி இருமுறை கேட்டவர் அங்கப்பன். நாளை ஊர்க்கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிவிடுவது என்று செங்கோடன் துணிந்திருந்தார். சொன்னது பிழையானால் இருபதாண்டு உறவு அற்றுப்போகும். ஆகவே அந்த முகமே முதலில் சாட்சி சொல்லட்டும் என்பது அவர் சூழ்ச்சி.

"ஏனுங் மாப்ளே, இப்பிடி வேர்க்குதுங்களே?"

"சித்திரை மாசமுங்க மச்சான். வேர்க்காம, பனியா கொட்டும்?"

"எச்சிலை வேற முழுங்கறீங்க."

"கடலைக்காய்ங்க. ஒரு கை எடுத்துக்கறது. என்ர மூஞ்சியில என்ன படமா ஓடுது? அங்க பாருங்க!"

செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். "நம்ம செவலையைக் களவாண்டவன் எப்பிடிப்பட்டவனா இருப்பானுங்க?"

"ரொம்பப் பதவிசானவனா இருப்பானுங்க. கவுத்தை அவுத்து, சுருட்டி, மொளையில மாட்டிப்போட்டுல்ல போயிருக்கான்!" அங்கப்பன் சிரித்தார். "மாட்டைக் குடுக்கறவங்கதான் கவுத்தை அவுத்து ஊட்டுல வெச்சுக்குவாங்க. களவாணிக்கு என்னுங்க அந்தச் சாங்கியம்?"

கயிற்றுச் செய்தியைச் செங்கோடன் வெளியாள் எவரிடமும் சொன்னதில்லை.

"அது உங்களுக்கு எப்பிடீங்க தெரியும்?"

"பாப்பாயிதானுங்க சொன்னா..."

"பொண்டாட்டி மேல பழியைப் போடாதீங்க!"

"என்ன பழி? சும்மா இருங்க மச்சான், கன்னுக்குட்டியக் கண்டுபுடிக்கற எடம்!"

திரையில் பிள்ளைகள் பாழடைந்த கொட்டில் ஒன்றின் கதவைத் தள்ளித் திறந்தனர். உள்ளே, விலாவெலும்பு வரி வரியாய்த் தெரிய, கன்று நிற்கமாட்டாமல் தள்ளாடி நின்றது. கொட்டகை முழுதும் ஒரே பெருமூச்சு.

அங்கப்பன் கையிலிருந்த கடலை கீழே நழுவியது. துண்டின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

இதற்குத்தானே காத்திருந்தார் செங்கோடன்! எட்டி அவர் மணிக்கட்டைப் பற்றி எழுந்து நின்றார். "அழுதீங்க பாருங்க! குத்தமுள்ள நெஞ்சுதானுங்களே அழும்? இத்தனை சனத்துக்கு முன்னால ஒத்துக்குங்க மாப்ளே! எங்க என்ர கன்னு?"

அங்கப்பன் வாய் பிளந்தது. முன்வரிசையும் பின்வரிசையும் திரையை மறந்து திரும்பின.

அப்போது, இடுப்பளவு மண்சுவருக்கு அப்பால், பெண்கள் பகுதியிலிருந்து ராசாத்தாளின் ஓலம் எழுந்தது. அவள் கண்ணெடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, பாப்பாயக்கா! கொடுமுடியில எங்கண்ணன் ஊட்டுல நம்ம செவலையையும் இப்பிடித்தான் பட்டினி போட்டுருப்பாங்களோ!"