பூப் பார்க்கப் போன ஆடுகள்

பங்குனி பிறந்ததும் மலைப்பாதை முழுக்கப் பூத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, சில வெள்ளாடுகள் கூட்டமாக நடைப்பயணம் கிளம்பின. பூக்களைப் பற்றி எல்லாம் தெரிந்தது என்று பெயரெடுத்த தாடிக்கிடா முன்னால் நடந்தது.

"பார்க்க மட்டும்தான் வந்திருக்கோம். யாரும் வாய் வைக்கக் கூடாது," என்று அது கண்டிப்பாகச் சொன்னது. எல்லா ஆடுகளும் வாயை இறுக மூடிக்கொண்டன.

முதல் வளைவில் ஒரு நீலப் பூ இருந்தது. "இது என்ன பூ அண்ணே?" என்று செவலை ஆடு கேட்டது.

கிடா அதைக் கடித்து மென்று, கண்ணை மூடி யோசித்தது. "விஷ்ணுகிராந்தி. கடைசியிலே லேசாக் கசக்குது, அதுதான் அடையாளம்."

"எது அண்ணே?"

"இங்கே இருந்துச்சே, அது."

ஆடுகள் வெறும் காம்பைச் சுற்றி நின்று, பிரமாதம் என்று தலையாட்டின. அடுத்த வளைவில் தும்பை, அதற்கடுத்து தொட்டாற்சிணுங்கி என்று கிடா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனது. பின்னால் வந்தவை பசியோடு காம்புகளை ரசித்தன.

உச்சியில், பாறை இடுக்கில், ஒரே ஒரு மஞ்சள் பூ மிச்சம் இருந்தது. கிடா குனிவதைப் பார்த்து அது நடுங்கிப்போனது. "ஐயா, நீங்க சிரமப்பட வேண்டாம். என் பேரை நானே சொல்லிடறேன். நான் மூக்குத்திப் பூ."

கிடா செவலை ஆட்டின் பக்கம் திரும்பியது. "எல்லாப் பூவும் இப்படித்தான் ஏதாவது ஒரு பேரைச் சொல்லும். நாமதான் சரிபார்க்கணும்."

சரிபார்த்தது. நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, பாறை இடுக்கைப் பார்த்து மரியாதையாகத் தலை தாழ்த்தியது.

"பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கு."