கண்ணாடி விளிம்பில் ஒரு காசு

ஆஸ்திரேலியாவின் பல்லரட் ஊரில் மீன் வறுவல் கடை நடத்திக்கொண்டிருந்த ரேலீன், எண்பதுகளின் பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கிப்போட்டு, கடையையே விளையாட்டுக் கூடமாக்கியிருந்தாள். கூடப் படித்த கிளென் அங்கே வந்ததே நக்கலடிக்கத்தான்.

“இந்தத் தகர டப்பாவுக்காகவா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டோம்? திரையில ஓடுதே, இதெல்லாம் ஒரு விண்கலமா? நசுங்கின கரப்பான் மாதிரி இருக்கு.”

“விளையாடிட்டுப் பேசுடா. பெட்டியில காசு போட வேண்டாம், வாசல்லயே வாங்கிடறேன்.”

ஆனால் திரைக்குக் கீழே, கண்ணாடி விளிம்பில் ஓர் இருபது சென்ட் இருந்தது. அடுத்த ஆட்டம் என்னுடையது என்று சொல்ல அந்தக் காலத்தில் அப்படித்தான் வைப்பார்கள். அதை எடுத்தவன் உதை வாங்காமல் வீடு போனதில்லை.

“இந்தக் குப்பைக்கு வரிசை வேறயா? எவன் அவன்?”

கிளென் காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். அது யாரோ கைக்குள் வைத்திருந்ததுபோல் சூடாக இருந்தது.

ஆடத் தொடங்கினான். ஆட்டம் தந்த மூன்று உயிர்களில் ஒன்று போனது. காசு மறுபடி விளிம்பில் இருந்தது, பை காலி. திரும்பிப் பார்த்தான், யாருமில்லை. இரண்டாவதும் போனது. விளிம்பு நெடுகக் காசுகள்.

அதன்பின் கிளென் கைப்பிடியை விடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை.

மாலையில் கடை சாத்த வந்த ரேலீன் வாசலிலேயே நின்றாள்.

“கிளென், உன் பின்னால நிக்கிறவங்கள்லாம் யாருடா? நான் யாரையும் உள்ள விடலையே.”

கிளென் திரும்பவில்லை. திரும்பினால் மிச்சமிருக்கும் ஒரே கரப்பானும் செத்துவிடும்.