மெழுகே போதும்

வில்லியனூரில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் புகழேந்திக்கு, ஜோஸ்பின் டீச்சரின் கறுப்பு காரைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. போன வாரம் அவன் பார்த்துப் பார்த்துப் போட்ட மெழுகில், பானெட்டின் நடுவே ஒரு சின்னக் கை அப்படியே பதிந்திருந்தது.

"நான் அப்பவே இன்னா சொன்னேன் டீச்சர்? மெழுகு வெயில்ல இளகும், கை வெச்சா அச்சு வுழும். சீலன்ட் போட்டிருந்தா ஒரு வருஷத்துக்கு எதுவும் பதியாது."

"போன வருஷம் உன் பேச்ச கேட்டு சீலன்ட்தான் போட்டேன். ஒண்ணுமே பதியல," என்றாள் ஜோஸ்பின்.

"அதத்தான் நானும் சொல்றேன். இத தொடச்சிட்டு சீலன்டே அடிச்சிடறேன்."

துணியை எடுத்தவனை அவள் தடுத்தாள். "இருப்பா, அளந்துக்கறேன்."

பையிலிருந்து ஒரு பழைய நோட்டுத் தாளை எடுத்தாள். ஒரு குழந்தையின் கையை அதில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்தது. தாளை அச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பானெட்டில் இருந்த விரல்கள் ஒரு கணு நீளமாக இருந்தன.

புகழேந்தி சிரித்தான். "பாப்பா நல்லா வளந்துடுச்சே. எத்தினியாவது படிக்கிது?"

"ஒண்ணாவது படிக்கும்போதே போய்ட்டா. நேத்து கல்லறைத் திருநாள் இல்ல, வருஷா வருஷம் வண்டிய அவ கல்லறைய ஒட்டித்தான் நிறுத்துவேன்."

புகழேந்தி காரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"அடுத்த வருஷமும் மெழுகே போடு," என்று ஜோஸ்பின் தாளை மடித்தாள். "இருந்திருந்தா இப்ப ஆறாவது. கை சரியாத்தான் வளந்திருக்கு."