இடது கால்

பாடகனின் இடது காலுக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டார் ஒலிப்பதிவாளர்.

ஷூவை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. அப்படியும் மைக்கில் தொப் தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தது.

"பாட்டு உருக்கமாத்தான் இருக்கு சார். கால்தான் குறுக்க குறுக்க பேசுது."

அவன் என்ன செய்வான்? இருபது வருட ராக் பாட்டு. வாய் திறந்தால் கால் தானாக எழும்.

தனியாக அவன் பாடும் முதல் பாட்டு இது. மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த டிரம்மர் 'இடி'க்கு அஞ்சலி. 'உன் தாளம் தப்பியதே இல்லை' என்று பல்லவி.

பச்சைப் பொய். கடைசிக் கச்சேரியில் கன்னாபின்னாவென்று தப்பியது.

நாலைந்து வருடமாகவே இடி ஒரு புது நச்சரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலை நல்லாத் தூக்கிப் போடுடா, நல்லாத் தூக்கிப் போடுடா. நான் என்ன அணிவகுப்பிலா போகிறேன் என்று பாடகனுக்கு எரிச்சல். அன்று வீம்புக்கென்றே உயரமான நாற்காலியைப் போட்டு, காலை மடக்கி உட்கார்ந்து பாடினான். பின்னால் இடி தடுமாறினார்.

அண்ணனுக்கு வயசாயிடுச்சு, வீட்டுக்கு அனுப்பிடலாமா என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கில் கூட்டத்தைக் கேட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இடியும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்றுதான் மூன்று மாதமாக மண்டையைக் குடைகிறது. மனசு நொந்து போனாரா, மன்னித்துவிட்டாரா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பாட்டைக் கேட்கும் சாக்கில் அண்ணியை வரச் சொன்னான்.

இடியின் மனைவி பாட்டு முடியும்வரை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கம்பளியைப் பார்த்தார்.

"இந்தக் காலைப் போய் ஏன் தம்பி அடக்குறீங்க? அவருக்குக் காது போய் அஞ்சு வருஷமாச்சு. யாருக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார். உங்க காலைப் பாத்துத்தானே வாசிச்சார்."

பாடகன் குனிந்து கம்பளிமேல் இருந்த தன் காலைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க ஏதோ ஜோக் சொன்னீங்களாம், எல்லாரும் சிரிச்சாங்களாம். என்னன்னு உங்ககிட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லிக்கிட்டே இருந்தார். என்ன தம்பி அது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கால் சத்தம் இப்போது துளிகூட விழவில்லையாம்.