ரெண்டு கிண்ணம் பாஸ்தா சூப்

"சார், வெங்காயம் செவந்துடுச்சு. அடுத்து என்ன?"

"செவந்துடுச்சா! கண்ணாடி மாதிரி ஆனா போதும்னு சொன்னேனே!"

லிஃப்ட் மெக்கானிக் அவசரமாக அடுப்பைக் குறைத்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன், ஒரு கையில் கரண்டி, மறு கையில் மைதா டப்பா. பதினான்கு மாடிக் கட்டடத்தில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டை இறக்கும்போதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை.

போனின் மறுமுனையில் பல் டாக்டர். மகளின் சொத்தைப் பல்லை வலிக்காமல் பிடுங்கியவர். பிடுங்கியதோடு விட்டாரா? அவர் வீட்டில், அவர் கையால் செய்த பாஸ்தா சூப்பை மகள் குடித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து மெக்கானிக் என்ன செய்து வைத்தாலும் இரண்டு வாயோடு தட்டை நகர்த்திவிடுகிறாள். ஹோட்டலில் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். "அது மாதிரி இல்லப்பா."

மூன்று நாள் யோசித்து, ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இன்றைக்குப் போன் போட்டுவிட்டார்.

"மைதா ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறுங்க. கட்டி தட்டாம, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா விடுங்க."

"விட்டாச்சு சார். பாஸ்தாவைத் தனியா வேகவச்சு வடிக்கணுமா?"

"வடிச்சீங்க, போச்சு! அதே பாத்திரத்துல, அதே தண்ணியில வேகணும். அந்தக் கஞ்சிதான் சூப்பைக் கெட்டியாக்கும். கழுவறதுக்கும் ஒரே பாத்திரம்."

"அதை முதல்ல சொல்லியிருக்கலாமே!"

இருவரும் சிரித்தார்கள்.

பத்து நிமிடத்தில் சங்கு சங்கான பாஸ்தா உப்பி மேலே வந்தது.

"இப்ப தீயைக் குறைச்சு பாலும் க்ரீமும் ஊத்துங்க. கொதிச்சா திரிஞ்சிடும். அணைச்சப்புறம் சீஸ். மிளகு மட்டும் வேண்டாம் சார், ஒரு துணுக்கு தெரிஞ்சாலும் பொறுக்கி ஓரமா வைப்பா."

அது மெக்கானிக்குக்கும் தெரியும்தான். மிளகு டப்பாவை மூடி வைத்தார்.

ஏழு மணிக்கு நீச்சல் வகுப்பு முடிந்து ஈரத் தலையோடு மகள் வந்தாள். எட்டு வயது. கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா! இதேதான்! எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

இரண்டாவது கிண்ணத்தை அவள் வழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டாக்டர்தான். மெக்கானிக் பால்கனிக்கு நழுவினார்.

"என்ன சார், பாஸா ஃபெயிலா?"

"ரெண்டு கிண்ணம் சார்! இந்த உதவிய மறக்கவே மாட்டேன். பதிலுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ தூங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு கதை சொல்வீங்களாமே, லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட யானைக் கதை? அதை எனக்குச் சொல்லிக் குடுங்க சார். நான் எதைச் சொன்னாலும் 'எங்கப்பா சொல்ற மாதிரி இல்ல'ன்னு திரும்பிப் படுத்துக்கறா. அவங்கம்மாகிட்ட கேட்டா, 'எனக்கு ஒண்ணுகூட ஞாபகமில்ல, அந்த மனுஷன் ஓயாம கதை அளக்கறார்னுதானே விவாகரத்தே வாங்கினேன்'ங்கறா!"