உழக்காத சைக்கிள்

கல்குலேற்றரில் இன்றைக்கும் ஒன்றுதான் நின்றது. காலையில் சேகரம் தானே அழுத்தி வைத்துவிட்டுப் போன அதே ஒன்று. மாமா சைக்கிளில் ஏறி ஒரு சுற்றுக்கூட உழக்கவில்லை.

விறாந்தையில் பழைய சைக்கிளொன்று மரச்சட்டத்தில் ஏறி நின்றது. பின்சில்லு நிலத்தில் முட்டாது. காலால் மிதிக்கும் உழக்கியில் ஒரு காந்தம். அது சுற்றி வந்து, சைக்கிளில் பொருத்திய சின்னச் சுவிட்சைக் கடக்கும்போதெல்லாம், வயர் வழியாகக் கல்குலேற்றரில் எண் ஒன்றால் கூடும். அதற்குச் 'சின்னக் கொம்பியூட்டர்' என்று பெயர் வைத்தவர் மாமாதான்.

செய்து தரச் சொல்லிக் கேட்டவரும் அவர்தான்.

"தம்பி, நெஞ்சுக்குள்ளை ஒரு நோ. நிண்ட இடத்திலை சைக்கிள் உழக்கட்டாம் எண்டு டொக்டர் கிருபைரட்ணம் சொல்லுறார். எத்தினை தரம் உழக்கிறனெண்டு எண்ணிக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நீங்கள் ஏதும் செய்து தருவியளோ?"

சேகரம் கொழும்பில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு கப்பலேறி, மனைவி அருந்ததியின் ஊரான உடுவிலுக்கு, அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அதன்பிறகு அவன் வாசல் படலையைத் தாண்டவில்லை. அருந்ததி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். அவளுடைய தகப்பன் கதிரவேலு வெங்காயத் தோட்டம் செய்தார். அவன் சாப்பிட்டான். மாமனாரின் சோற்றை அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதே இல்லை.

அவர் கேட்டதை மறுக்க முகமில்லாமல்தான் வேலையைத் தொடங்கினான். முதல் நாள் பழக்கம் விட்ட கை தவறி, உருகிய ஈயம் விரலில் சிந்திச் சுட்டது. மாமா சைக்கிளில் டவுனுக்குப் போய்க் காந்தமும் சுவிட்சும் வாங்கி வந்தார். அருந்ததி தன் கல்குலேற்றரைக் கொடுத்தாள். அதைக் கழற்றி, சமன் குறி விசைக்கு அடியில் இரண்டு வயரைப் பற்றவைத்தான். உழக்கி சுற்றி எண் மாறியபோது மூன்று பேரும் சிரித்தார்கள். கொழும்பிலிருந்து வந்தபிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது மாமா அதைத் தொடுவதே இல்லை.

படலை திறந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி மாமா வந்தார். கறிவேப்பிலை கேட்டுவந்த பக்கத்து வீட்டுச் சிசிலியாவும் கூடவே வந்தாள்.

"மாமா, இண்டைக்கும் உழக்கேல்லை."

"நாளைக்குப் பாப்பம், தம்பி."

"தோட்டம் கொத்த ஏலும், சைக்கிள் உழக்க ஏலாதோ?" அவனையும் மீறிக் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு ஒண்டு நடந்தால் உங்கடை மகளை ஆர் பாக்கிறது? நானோ? நானே உங்கடை சோத்திலை கிடக்கிறன்!"

சிசிலியா கறிவேப்பிலையை மறந்து வந்த வழியே திரும்பினாள். குசினி வாசலில் நின்ற அருந்ததி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா கையைக் காட்டி அவளைத் தடுத்தார்.

"என்ரை பிழைதான், தம்பி."

மண்வெட்டியைச் சாத்திவிட்டு, சேறு காயாத கால்களோடு சைக்கிளில் ஏறி உழக்கத் தொடங்கினார். எண் கூடிக்கொண்டே போனது. வியர்வை அவருடைய நாடியால் வழிந்து சொட்டியது. அவர் நிறுத்தவில்லை.

சேகரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண்ணும் கொடுத்து, போக்கிடமில்லாமல் வந்தபோது இருக்க இடமும் கொடுத்த மனிதன். ஊராள் ஒருத்திக்கு முன்னால் அவரைத் தலை குனிய வைத்தாயிற்று. அவரை இறங்கச் சொல்லாமலே அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். அருந்ததி சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றான்.

படுத்தபிறகுதான் வேறொரு பயம் வந்தது. நெஞ்சு நோக்காரனை வெருட்டி இப்படி உழக்க வைத்து, அவருக்கு ஏதும் ஆகிவிட்டால்?

காலையில் சேர்ட்டை மாட்டிக்கொண்டு படலையைத் தாண்டினான். ஒழுங்கையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் நேற்று நடந்ததை அறிந்தவர்கள்போல் தெரிந்தார்கள். டொக்டரின் டிஸ்பென்சரி வரும்வரை அவன் தலையை நிமிர்த்தவேயில்லை.

டொக்டர் கிருபைரட்ணம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார்.

"கதிரவேலரின்ரை மருமகனெல்லோ? நடந்தோ வந்தனீர்?"

"ஓம், டொக்டர். நேற்று நான் மாமாவைக் கண்டபாட்டுக்குப் பேசிப்போட்டன். அந்த மனிசன் களைக்கக் களைக்கச் சைக்கிள் உழக்கினவர். அவரின்ரை நெஞ்சு நோவுக்கு அது கூடாதோ?"

"என்ன நெஞ்சு நோ?"

"நீங்கள்தானே உழக்கச் சொன்னனீங்கள்?"

"நானோ? அந்த மனிசனுக்கு ஒரு நோவும் இல்லை." சிரிக்கத் தொடங்கிய டொக்டரின் கண், மேசையில் ஊன்றியிருந்த அவன் கையில் நின்றது. "உந்த விரலிலை என்ன காயம்?"

"ஈயம் சுட்டது. மாமா உழக்கிறதை எண்ணுறதுக்கு ஒரு சாமான் செய்து குடுத்தனான்."

டொக்டர் கண்ணாடியை மாட்டி அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவன் தோளில் கையை வைத்தார்.

"கையிலை ஒரு வேலையைக் குடுத்துப் பாருங்கோ எண்டு நான்தான் அவருக்குச் சொன்னனான். அவர் என்னட்டை வந்தது உமக்கு மருந்து கேட்டு, தம்பி."